மரபுக் கதைசொல்லல், சுற்றுலாப் பயிற்சி: வெளிநாட்டு உதவித்தொகை பற்றி மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமணர் மலை, யானைமலை, மாசி வீதிகள் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் பிழைப்பில் பாதி. சில வருடங்களுக்கு முன்னால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் ஆறு வாரப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒருவர் ஓரமாக வந்து "அக்கா, ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பார். அதே டவுட்டுக்கு வாட்ஸப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் வலித்ததால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். விதிகள் வருடா வருடம் மாறுபவை, ஆகவே படித்துவிட்டு அந்தந்த அமைப்பின் தளத்தில் இந்த வருட அறிவிப்பையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

கிராண்ட், ஸ்காலர்ஷிப், ஃபெல்லோஷிப்... எல்லாம் ஒண்ணுதானே அக்கா?

ஒன்றில்லை. ஸ்காலர்ஷிப் என்றால் பொதுவாக ஒரு படிப்புக்கான பணம்: கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. கிராண்ட் என்றால் நீங்கள் செய்யப்போகும் ஒரு வேலைக்கான பணம், பத்துப் பாட்டிகளிடம் தாலாட்டு பதிவு செய்கிறேன் என்பது மாதிரி, அதற்கு வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். ஃபெல்லோஷிப் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உதாரணமாக அமெரிக்காவில் படிக்கக் கொடுக்கும் ஃபுல்பிரைட்–நேரு முதுகலை என்பது பெயரில் ஃபெல்லோஷிப், ஆனால் கொடுப்பது படிப்புச் செலவு.

ஆகவே பெயரைப் பார்க்காமல் எதற்குப் பணம் என்ற பத்தியை முதலில் படியுங்கள். திட்ட கிராண்ட் ஒன்றின் விண்ணப்பத்தில் பட்ஜெட்டில் பாதியைக் கல்லூரிக் கட்டணமாக எழுதிய தம்பி ஒருவரைத் தெரியும். முதல் சுற்றிலேயே கழன்றுவிட்டது.

நான் வெறும் கைடுதான்க்கா, எனக்கெல்லாம் யாரு தருவா?

உங்களுக்குத்தான் தருவார்கள். இந்த உதவிகளில் பெரும்பாலானவை வேலை அனுபவம் கேட்பவை. பிரிட்டனில் படிக்கக் கொடுக்கும் செவனிங்குக்கு 2,800 மணி நேரம், அதாவது சுமார் இரண்டு வருட வேலை. ஃபுல்பிரைட்–நேரு முதுகலைக்கு மூன்று வருட முழுநேர வேலை. கோயில் வாசலில் வெயிலில் நின்ற பத்து வருடமும் அனுபவம்தான், சிக்கல் என்னவென்றால் நம்மிடம் அதற்குக் காகிதம் இருக்காது. கூட்டிப்போன குழுக்களின் பட்டியல், டிராவல்ஸ் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கில் வந்த தொகை, சுற்றுலாப் பயணிகள் அனுப்பிய மின்னஞ்சல், எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு ஃபைலில் போடுங்கள்.

பேரைச் சொல்லுங்க. எந்தெந்த உதவியைப் பாக்கணும்?

முழுப் பட்டியல் என்னிடம் கிடையாது, நான் வழக்கமாகச் சொல்வது இவை. பிரிட்டனில் ஒரு வருட முதுகலைக்கு செவனிங். மேல் வயது வரம்பு இல்லை என்பதால் நாற்பதைத் தாண்டியவர்களையும் அனுப்பி வைக்கிறேன். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு முதுகலை, கலை–பண்பாட்டு மேலாண்மை என்ற பிரிவில் மரபுப் பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் இரண்டும் வரும். ஒரு கண்ணி இருக்கிறது: அவர்கள் கேட்பது நான்கு வருட இளநிலைக்குச் சமமான படிப்பு. மூன்று வருட பி.ஏ. மட்டும் முடித்திருந்தால் போதாது, மேலே எம்.ஏ. அல்லது முழுநேர முதுநிலைப் பட்டயம் வேண்டும். மதிப்பெண் 55 சதவீதம்.

ஐரோப்பாவுக்கு இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகள். ஒரே படிப்பை இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிப்பது. சுற்றுலா மேலாண்மைக்கும் மரபுக்கும் தனித்தனிப் படிப்புகள் இருந்து வருகின்றன. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணம் கிடையாது. வேலை அனுபவம் இல்லாத இளசுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பட்டம் வேண்டாம், குறுகிய பயிற்சி போதும் என்றால் ரோமில் இருக்கும் இக்ரோம். 1956இல் யுனெஸ்கோ பொது மாநாடு எடுத்த முடிவில் பிறந்த, பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்புப் பயிற்சி அமைப்பு, இந்தியாவும் உறுப்பினர். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, வழியில்லாதவர்களுக்குக் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. ஏற்கெனவே இந்தத் துறையில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். படிப்பெல்லாம் வேண்டாம், இங்கேயே இருந்து ஒரு கதையைப் பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்கு நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டியின் கிராண்ட். அதில் கதைசொல்லல் ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. முதல்முறை கேட்பவர்களுக்கு 20,000 டாலர் வரை என்று வைத்திருந்தார்கள்.

விண்ணப்பமே இல்லாதவையும் உண்டு. பல துறை ஆட்களைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துப்போகும் அமெரிக்க அரசின் ஐவிஎல்பி பயணத்துக்கு அவர்களுடைய தூதரகமே ஆளைத் தேர்ந்தெடுக்கும், நாம் கேட்க முடியாது. ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜெய்க்காவின் பயிற்சிகளுக்கு அரசு வழியாகப் பெயர் போக வேண்டும், பெரும்பாலும் அரசு ஊழியர்கள்தான் போவார்கள். "ஜெய்க்காவுக்கு நேரா அப்ளை பண்ணலாம்" என்று யாராவது யூடியூபில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போங்கள்.

பன்னெண்டாவதோட நின்னுட்டேன். எனக்கு வழி இருக்கா, இல்ல அங்கிட்டுப் போயிரட்டுமா?

போகாதீர்கள். முதுகலை உதவிகள் எதுவும் உங்களுக்கு ஆகாது, அதை மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன நேஷனல் ஜியோகிராஃபிக் கிராண்டுக்கு உயர் பட்டம் கட்டாயமில்லை, 18 வயதும் திட்டமும் செய்துகாட்டிய வேலையும்தான். நடனம், கூத்து, நாதஸ்வரம் என்று கலைஞராக இருந்தால் ஐசிசிஆர் எனப்படும் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் கலைஞர் பட்டியலில் சேரப் பாருங்கள், வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள்.

கைடு வேலைதான் என்றால் முதலில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆன்லைன் சுற்றுலா வழிகாட்டிச் சான்றிதழை முடியுங்கள். பிளஸ் டூ போதும். அது வெளிநாட்டுக்கு அனுப்பாது, அடுத்த விண்ணப்பத்தில் முதல் வரியாக நிற்கும்.

இங்கிலீஷ் பேசுவேன், எழுத வராது. யாராவது எழுதிக் குடுத்தா தப்பா?

மொழியைத் திருத்தித் தரலாம், யோசனையை எழுதித் தரக்கூடாது. நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். தமிழில் முழுதாக எழுதுங்கள், அல்லது போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், அப்புறம் நண்பரோடு உட்கார்ந்து வரி வரியாக மாற்றுங்கள். கணினியிடம் எழுதச் சொன்னால் ஊர் உலகத்துக்கே ஒரே கட்டுரையைத்தான் கொடுக்கும். போன வருடம் நான் பார்த்த ஏழு வரைவுகளில் ஐந்து, மதுரையைத் தூங்கா நகரம் என்று வர்ணித்து ஆரம்பித்தவை.

கதைசொல்லல்னு போட்டிருக்கே, அது மேடையேறி பாட்டி கதை சொல்றதா?

அதுவும் ஒரு வகை, ஆனால் இவர்கள் சொல்வது வேறு. ஒரு இடத்தையோ பொருளையோ பழக்கத்தையோ, அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வருகிறவர் மனதில் நிற்கும்படி எடுத்துச் சொல்வது. நடையாக இருக்கலாம், ஒலிப்பதிவு, படம், அருங்காட்சியகப் பலகை எதுவாகவும் இருக்கலாம்.

மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். குகை விளிம்பில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள், கீழே வழவழவென்று கல் படுக்கைகள். "இரண்டாயிரம் வருடம் பழமையானது, அனைவரும் காண வேண்டியது" என்று சொல்லிவிட்டு இறங்குவது தகவல். அதே கல்வெட்டில் கணிநந்தன் என்ற துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி இந்தப் பள்ளியை, அதாவது துறவிகள் தங்கும் இடத்தை, செய்துகொடுத்தார் என்று இருக்கிறது. இப்போது அந்தப் படுக்கையில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். எதிரே வயல், மேலே மழைநீர் உள்ளே வராமல் பாறையில் வெட்டிய காடி. ஒரு அரசனின் ஆள், சொத்தே இல்லாத ஒருவருக்குப் படுக்க இடம் வெட்டிக்கொடுத்து, அதில் தன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார். நன்கொடை கொடுத்தவர் பெயரை டியூப்லைட்டில் எழுதும் பழக்கம் நேற்று வந்ததில்லை என்று நான் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். இப்படி ஒன்றை நீங்களே செய்து பார்த்து, ஐந்து நிமிடம் பதிவும் செய்து வைத்திருந்தால் பாதி விண்ணப்பம் தயார்.

கீழடின்னு எழுதினா கண்டிப்பா கிடைக்குமாமே?

யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, கொஞ்ச நாளாக எல்லா வரைவிலும் கீழடி. பெருமையான இடம்தான், மறுக்கவில்லை. 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, நான்காம் கட்டத்திலிருந்து தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது, 2019 அறிக்கையில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை காலம் போனது, 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இதையெல்லாம் எழுதி முடிக்கும்போது உங்களுக்குக் கொடுத்த இடம் தீர்ந்துவிடும். படிக்கிறவருக்குக் கீழடியைப் பற்றித் தெரியும், உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், எங்கே தடுக்கி நிற்கிறீர்கள், அங்கே போய் எதைக் கற்றால் அந்தத் தடை நீங்கும், திரும்பி வந்து யாரோடு சேர்ந்து எதைச் செய்வீர்கள், இதற்குத்தான் கொடுக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் ஒரு தங்கை எழுதியதைச் சொல்கிறேன்: "அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும் பயணிகளில் பலர் இருபது நிமிடத்தில் வெளியே வந்து ஜிகர்தண்டா எங்கே என்று கேட்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய பெயரை அவர்கள் நின்று பார்க்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. பார்வையற்ற ஒரு பயணி வந்தபோது கையில் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை." கீழடி இதிலும் இருக்கிறது, ஆனால் அவரும் இருக்கிறார். தொட்டு உணரும் மாதிரிகள் செய்யும் பயிற்சி ஒன்றுக்கு அவர் பெயர் இறுதிப் பட்டியல் வரை போனது.

நம்ம கவர்மென்டே வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் தருதே, அதுல மரபு படிக்கப் போலாமா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம். கைவினைஞர் குடும்பம் என்றதும் நம் ஆட்கள் பண்பாடு, மரபு என்று தலைப்பு போடுகிறார்கள். ஆனால் 2022–23 நெறிமுறையிலேயே இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளுக்கு இது கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். பொம்மை செய்கிறவர் மகளுக்குப் பணம் உண்டு, அவர் பொம்மையைப் பற்றிப் படிக்கப் போனால் கிடையாது! எனக்கு இதில் கோபம் உண்டு, விதி விதிதான். சுற்றுலா மேலாண்மை மாதிரியான தலைப்பாக இருந்தால் இந்த வருட நெறிமுறையை எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டுப் போடுங்கள்.

தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை என்று தனியாக வைத்திருக்கிறது. அது வேறு திட்டம், வேறு விதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முழுச் செலவும் அவங்களே பாத்துக்குவாங்கன்னு போட்டிருக்கு. அப்ப கைக்காசு வேண்டாமா?

வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் உங்கள் காசு. ஆங்கிலத் தேர்வு பெரும்பாலும் உங்கள் காசு. சான்றிதழ்களை மொழிபெயர்க்க, சென்னைக்கு இரண்டு மூன்று தடவை போய்வர, ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டன் போவதென்றால் காசநோய்ப் பரிசோதனை என்று சில்லறை சில்லறையாகப் போகும். சில குறுகிய பயிற்சிகளில் விமான டிக்கெட்டை நாம் எடுத்துவிட்டு அங்கே போனபின் பணம் வாங்க வேண்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது, அம்மாவின் வளையல் மூன்று மாதம் அடகுக்கடையில் இருந்தது. கடிதம் வந்த உடனே "முன்பணம் தர முடியுமா" என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நான்தான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை.

பேருக்குப் பின்னாடி அப்பா பேர் போடணுமா, இனிஷியல் போதுமா?

சின்ன விஷயம், பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் முதல் பெயரின் இடத்தில் "எஃப்என்யூ", அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சாகும். அப்புறம் டிக்கெட் ஒரு பெயரில், பல்கலைக்கழகக் கடிதம் ஒரு பெயரில். பாஸ்போர்ட் புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்த இடத்தில் போட்டுவிடுங்கள், எல்லா விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எம்.எல்.ஏ.கிட்ட வாங்கினா வெயிட்டா இருக்கும்ல?

இருக்காது. உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியதுதான் வெயிட்டு. நடைக்கு மாணவர்களைக் கூட்டி வந்த வரலாற்று ஆசிரியை, நீங்கள் உதவிய ஆய்வாளர், தொடர்ந்து வேலை கொடுக்கும் டிராவல்ஸ்காரர், இவர்கள் போதும். கடிதம் எழுதப் பழக்கமில்லாதவர் என்றால் நீங்கள் செய்த மூன்று காரியங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கடிதத்தை அவர் எழுதட்டும். ஒரு கல்லூரியில் எனக்கு வெற்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்து மட்டும் போட்டு "நீயே ஃபில்லப் பண்ணிக்கம்மா" என்று கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் பல இடங்களில் பரிந்துரைப்பவருக்கே நேரடியாக மின்னஞ்சல் போகும். அந்தத் தாள் இன்னும் பீரோவில் கிடக்கிறது.

எங்க கிராமத்துச் சங்க அக்கவுண்டுக்கே நேரா டாலர்ல போடச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 இருக்கிறது, எஃப்சிஆர்ஏ என்பார்கள். சங்கமோ அறக்கட்டளையோ வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், இல்லையென்றால் குறிப்பிட்ட தொகைக்கு, குறிப்பிட்ட நன்கொடையாளரிடம் வாங்க முன் அனுமதி வேண்டும். பதிவுக்குச் சங்கம் மூன்று வருடம் இயங்கி 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும் என்பது 2020 விதி. பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். "பதிவு இருக்கிற வேறு டிரஸ்ட் வழியா வாங்கிக்கலாம்" என்ற பழைய குறுக்குவழியையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது, வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது.

தனி ஆள் தன் படிப்புக்கு வாங்கும் ஸ்காலர்ஷிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன கிராண்ட் வகை உங்கள் சொந்தக் கணக்குக்கு வருகிறதென்றால், அந்தச் சட்டத்தில் 'நபர்' என்பதில் தனி ஆளும் அடக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். வருமான வரியையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்: படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு, சன்மானம், சம்பளம் என்ற பெயரில் வருவதற்கு அது பொருந்தாது.

ஒரு ஏஜென்ட் அம்பதாயிரம் கேக்கறார், கன்ஃபார்மா வாங்கித் தரேங்கறார்?

செவனிங்குக்கும் ஃபுல்பிரைட்டுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கன்ஃபார்ம் என்ற வார்த்தையை அவர்களே சொல்ல மாட்டார்கள், இவர் எங்கிருந்து சொல்கிறார்?

போய்ட்டு அங்கயே செட்டில் ஆயிரலாமா?

செவனிங் முடித்தால் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். ஃபுல்பிரைட்டில் போகும் ஜே–1 விசாவிலும் இரண்டு வருட நிபந்தனை உண்டு, அதை முடிக்காமல் அமெரிக்காவில் வேலை விசா, குடியேற்றம் எதற்கும் போக முடியாது, விலக்கு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இராஸ்மஸில் அப்படி நிபந்தனை இல்லை. செட்டில் ஆவதுதான் எண்ணம் என்றால் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் "என் கிராமத்துக்குத் திரும்பி வந்து" என்று உருகி எழுதாதீர்கள்.

எங்க ஊர்க் கதையை நான் அங்க போய்ச் சொன்னா ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்களா?

வரலாம், வந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்திருந்தேன். மண் பிசைவதை, வண்ணம் தீட்டுவதை, கண் எழுதுவதை எல்லாம் படம் எடுக்க விட்டார். அச்சை எடுத்ததும் கேமராவைக் கையால் மறைத்தார். "பொம்மையைப் பாரு, அச்சைப் பாக்காத. அச்சுதான் என் சோறு." அந்த அச்சு அவர் மாமனார் செய்தது. படம் வெளியே போனால் அடுத்த நவராத்திரிக்குள் வேறொருவர் அதே பொம்மையை இறக்கிவிடுவார். கதைக்காக அலைகிற எனக்கு அது உறைக்கவே இல்லை, அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே ஊரில் பேசுங்கள். யாரிடம் கேட்டீர்கள், எதைக் காட்டலாம் என்றார்கள், எதைக் கூடாது என்றார்கள், பணம் வந்தால் அவர்களுக்கு என்ன பங்கு, இதை எழுதி வையுங்கள், முடிந்தால் ஒலிப்பதிவாகச் சம்மதம் வாங்குங்கள். சாமியாடுவது, நேர்த்திக்கடன் மாதிரியான விஷயங்களில் ஒருவர் சம்மதம் போதாது, கோயில் பங்காளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். நல்ல அமைப்புகள் இதைக் கேட்கும். கீழடிக் கேள்வியில் "யாரோடு சேர்ந்து" என்று எழுதியிருந்தேனே, அங்கே வர வேண்டிய பதில் இதுதான்.

சரிக்கா, எப்ப ஆரம்பிக்கணும்?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் ஆரம்பியுங்கள். செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும், ஆடி, ஆவணி, புரட்டாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இராஸ்மஸ் படிப்புகள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் மூடும். சித்திரையில் தொடங்கினால் பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, கடிதங்கள் எல்லாம் மூச்சுத் திணறாமல் முடியும்.

இன்னொன்று, கடைசி நாளின் நேரத்தைப் பாருங்கள். கிரீன்விச் நேரம் பகல் 12 மணி என்று போட்டிருந்தால் நமக்கு அது மாலை 5.30. என் முதல் விண்ணப்பத்தை, ராத்திரி 12 மணி வரை இருக்கிறது என்று நினைத்து, சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் 6 மணிக்குத் திறந்தேன். பக்கம் மூடியிருந்தது. கடைக்காரர் மட்டும் அரை மணி நேரத்துக்கான காசை வாங்கிக்கொண்டார்.